நீலத் திரைக்குக் கீழே இருந்த டின்

2003 மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இடது கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இன்றைய செய்தி வேலை: நகராட்சியில் குடிநீர்ப் புகார். உளுந்து விலை. மேம்பாலம் பற்றி எவராவது எதையாவது சொன்னால் அது.

மூன்றும் நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கும்போது ஆம்புலன்ஸ் பைபாஸ் பக்கம் போயிற்று. கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "எந்த ஆபீஸ் அண்ணாச்சி?" இந்த ஊரில் ஆம்புலன்ஸைப் பார்த்தால் வரும் முதல் கேள்வி. தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு இங்கே ஆபீஸ் என்று பேர். பத்திரிகையின் நெல்லை டெஸ்க்கில் இருக்கும் தம்பிக்கு இதை ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் இல்லை. பைபாஸ் கல்லூரி. வேதியியல் ஆராய்ச்சிக்கூடம். பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்றது என்று போர்டு. போர்டு புதிது.

உள்ளே விடவில்லை. வாசலில் துறைத் தலைவர் (இனி து.த.) கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றார். சின்ன விபத்து என்றார். எம்.ஃபில். மாணவி ஒருத்தி அவசரப்பட்டுவிட்டாளாம். முகத்தில் காயம், நெல்லைக்கு அனுப்பியாயிற்று. பேர் போட வேண்டாம், பெண்பிள்ளை. கல்லூரிப் பேரும் வேண்டாம். கல்லூரியும் பெண்பிள்ளையா என்று கேட்க வாய்வரை வந்தது. பல் வலி. விட்டுவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தவை:
கரிந்த மேசை. கண்ணாடிச் சில்லு.
மேசைக்கு அடியில் திரை மாதிரி தொங்கிய நீலத் துணி, பாதி எரிந்து.
மண்பானை ஒன்று தரையில் சாய்ந்து. உடையவில்லை. காலி.
சுவரில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஷவர். அதன் கைப்பிடி தரையில்.
சிவப்பு மணல் வாளிகள். இவை கூடத்துக்குள் இல்லை. வராந்தாவில், கிரில் கதவுக்கு வெளியே, வருகிறவர் கண்ணில் படும்படி வரிசையாக.

சாயங்காலம் நாலு வரி அனுப்பினேன். மாணவி காயம், விசாரணை.

மார்ச் 4, செவ்வாய்

பாசஞ்சரில் நெல்லை. எதிர் சீட்டில் இரண்டு பேர் கிரிக்கெட். சனிக்கிழமை பாகிஸ்தானை அடித்ததை இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாமென்று ஸ்டேஷனில் கடலைமிட்டாய் வாங்கியிருந்தேன். முட்டாள்தனம். முகம் முழுக்கக் கட்டு, அந்தப் பெண்ணால் வாயைத் திறக்கவே முடியவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் வாங்கித் தின்றார். நம்ம ஊர் மிட்டாய்தானா, பாகு கொஞ்சம் முத்தல் என்றார்.

பேர் முத்துமாரி. அப்பா கருப்பசாமி, தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிறவர். குச்சி அடுக்கிய சட்டத்தை மருந்துத் தட்டில் முக்கி எடுக்கும் வேலை. அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுகிறார். கட்டில் காலடியில் உட்கார்ந்து போர்வை ஓரத்தை மடித்து மடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டர்: வலது கண் போய்விட்டது. இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம். உடனே யாரோ நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள், புண்ணியவான்.

முத்துமாரி கண்ணைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டுக்குள்ளிருந்து மெதுவாக வந்தது: "அண்ணாச்சி, என் ரிஜிஸ்ட்ரேஷனை என்னமும் செஞ்சிருவாங்களா?"

ஏன் செய்யப்போகிறார்கள் என்றேன். கவனக்குறைவு என்று எழுதினால் பதிவை ரத்து செய்வார்கள், அப்புறம் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்று அம்மாதான் சொன்னார். பிள்ளை நேற்றிலிருந்து அதையேதான் கேட்கிறதாம். ஒரு கண் போதும், அளவு பார்க்க ஒரு கண் போதும் என்கிறதாம். அம்மா அழவில்லை. ஆபீஸ்காரர்கள் ஆஸ்பத்திரியில் அழுவதில்லை, பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றியது ஜெயந்தி. அதே கூடத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண், கடம்பூர்க்காரி. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை சின்னச் சின்னக் கொப்புளம். அவள் சொன்னதைச் சொன்ன வரிசையில் எழுதி வைக்கிறேன்.

ஈதர் என்கிற திரவத்தை ஹீட்டரில் வைத்து வடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவியைக் குளிரவைக்க ஒரு குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாடித் தொட்டி காலி. குழாய் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஆவி வெளியே வந்து ஹீட்டரில் பற்றியது. மேசை மேல் ஓடிய தீ விளிம்பில் வழிந்து நீலத் துணியில் பிடித்தது. ஜெயந்தி மூலையில். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் தீ. மணல் வாளி கதவுக்கு வெளியே. முத்துமாரி நின்ற இடத்தில் கைக்கு எட்டியது ஒன்றுதான்: குடிதண்ணீர்ப் பானையைச் சுற்றி நனைத்துப் போட்டிருந்த சாக்கு. அதை உருவித் துணி எரிகிற இடத்தில் போட்டாள்.

"போட்டதும் தீ அமந்துருச்சு அண்ணாச்சி. நான் வெளிய வந்துட்டேன். அவளும் வந்துருப்பா. அதுக்குள்ள அடியில வெடிச்சுது."

அடியில் என்ன என்றேன். சோடியம் என்றாள், தண்ணீர் பட்டாலே வெடிப்பது. ஒரு டின் நிறைய.

பிறகு ஜெயந்தி திரும்ப உள்ளே ஓடி ஷவரை இழுத்திருக்கிறாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பானைத் தண்ணீர் முழுவதையும் முத்துமாரி முகத்தில் ஊற்றினாள்.

திரும்பும் வண்டியில் பல் வலி தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

இன்றும் வெயில். மனைவி நாலு தெரு தள்ளி அடிபம்பில். நான் ஜெயந்தியைப் பார்க்கக் கடம்பூர். அவள் வீட்டில் போளி வைத்துத் தந்தார்கள். பல்லுக்கு இதம்.

டின் அங்கே எப்படி வந்தது.

போன மாதம் கல்லூரிக்குத் தரம் பார்க்க ஒரு குழு வந்தது. மாவிலை, மேளம், பன்னீர்ச் செம்பு, வாசலில் வண்ணக்கோலம். கோலப் படம் நானே அனுப்பி எங்கள் பத்திரிகையிலும் வந்தது. அந்தக் குழுவுக்காக ரசாயன ஸ்டோர் ரூமைக் காலி செய்து கம்ப்யூட்டர் அறை ஆக்கினார்கள். ஸ்டோரில் இருந்த பாட்டில், டின் எல்லாவற்றையும் பிள்ளைகள்தான் மார்போடு அணைத்துத் தூக்கிப்போய் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் அடுக்கினார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தது. புதியம்புத்தூரில் நீலத் துணி மொத்தமாக எடுத்துத் தைத்து எல்லா மேசைக்கும் பாவாடை கட்டினார்கள். 'பாவாடை' ஜெயந்தி சொன்ன வார்த்தை. து.த. நின்று மேற்பார்வை பார்த்தாராம். குழு போனதும் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றாராம்.

குழு போயிற்று. நல்ல தரம் வரும் என்று பேச்சு. டின்கள் அங்கேயே.

முத்துமாரிக்குத் தெரியுமா? தெரியாது. அந்த வாரம் அவளுக்கு அம்மை, வீட்டில் வேப்பிலைக்குள் இருந்தாள். திரும்பி வந்தபோது மேசைக்கெல்லாம் அழகாகப் பாவாடை. ஏட்டி, கல்யாண வீடு மாதிரி இருக்கு என்றாளாம்.

ஷவரும் குழுவுக்காகத்தான். வந்தவரில் ஒருவர் இதில் தண்ணீர் வருமா என்று கேட்டாராம். எங்க ஊரில் வீட்டுக் குழாயிலேயே வராது சார் என்றாராம் து.த. எல்லோரும் சிரித்தார்களாம்.

போடலாமா என்று கேட்டேன். போடுங்கள், என் பேரையும் போடுங்கள் என்றாள். அவள் அப்பா உள்ளே இருந்து இருமினார்.

மார்ச் 7, வெள்ளி

பல் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சோடு கருப்பசாமியைப் பார்க்க ஆபீஸுக்கு.

ஓடு போட்ட நீளக் கொட்டகை. மருந்து முக்கும் அறை தனியாக, எட்டத்தில். இரண்டு பக்கமும் கதவு இல்லாத வாசல். வாசலுக்கொரு சாக்கு, ஈரம் சொட்டச் சொட்ட ஆணியில். ஆள் ஒல்லி, என் வயதுதான் இருக்கும். பேசிக்கொண்டே குவளையில் தண்ணீர் மொண்டு சாக்கின் மேல் ஊற்றினார். காய்ந்தால் ஊற்ற வேண்டும். காயவே விடக்கூடாது. இங்கே நாலு நாளைக்கு ஒருமுறை குளிக்கிறவர் உண்டு, சாக்கு நனையாத நாள் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்றேன். முதல் நாள் போனாராம். அதற்குப் பிறகு போகவில்லை. வேலை என்றார். வேலை செய்துகொண்டிருந்தவர், அதனால் பொய் என்று சொல்ல முடியாது.

து.த. முந்தாநாள் வீட்டுக்கே வந்திருக்கிறார். நன்றாகப் பேசினாராம். தீப்பெட்டி ஆபீஸ் பழக்கம் பாருங்க, தண்ணி பட்டா வெடிக்கிற சாமான்ல ஈரச் சாக்கைப் போட்டுட்டா, வேற வீட்டுப் பிள்ளைன்னா ஓடியிருக்கும் என்றாராம்.

கருப்பசாமி: "பழக்குனது நாந்தான் அண்ணாச்சி. அஞ்சு வயசுல இங்கன கூட்டியாந்து உக்கார வைப்பேன். தீப் பிடிச்சா ஓடாத, சாக்கை உருவிப் போடு, பெறகு ஓடு. பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தேன். ஒருக்கச் சட்டத்துல பிடிச்சுது. எனக்கு முன்னால அவ போட்டுட்டா. அன்னைக்கு மொதலாளி அவளுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்தாவ."

அவருக்கு விளக்கினேன். நிதானமாக, வாய்ப் பஞ்சைத் துப்பிவிட்டு. துணியில் பிடித்த தீக்குச் சாக்கு சரிதான். உங்கள் மகள் போட்டதும் தீ அமர்ந்தது, ஜெயந்தி உயிரோடு வெளியே வந்தாள். துணிக்குப் பின்னால் டின் இருப்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதை அங்கே வைத்தவர்கள் பேரில் தப்பு. சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பூட்டி வைக்க வேண்டும். பாவாடை கட்டி வைக்கக்கூடாது.

கேட்டுக்கொண்டார். இடையில் ஒரு கேள்வி: டின் மேல எழுதிருந்துச்சா? எழுத்தைத் துரு தின்றுவிட்டதாம் என்றேன். தலையாட்டினார். "அப்ப எம்பிள்ளை மேல தப்பில்ல."

இல்லை என்றேன்.

"எம்மேலயும் இல்ல."

இல்லை.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். மறுபடி ஒரு குவளை மொண்டு ஊற்றினார். வெளியே வரும்போது எனக்குக் கொஞ்சம் திருப்தி. எழுதியாவது ஒருவருக்கு உதவுகிறேனா தெரியாது, பேசி உதவினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

முழுச் செய்தியும் நேற்றே ஃபேக்ஸ். டின், பாவாடை, ஷவர், மணல் வாளி. ஜெயந்தி பேரோடு. இன்று பத்திரிகையில் இல்லை.

டெஸ்க்குக்குப் போன். தம்பி: "நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா காலேஜ் தரப்பு வேணும்லா?" து.த. சொன்னது முதல் பத்தியிலேயே இருக்கிறதே என்றேன். அது போதாதாம். விசாரணைக்குழு போட்டிருக்கிறார்கள், அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போடலாமாம். கிரிக்கெட்டுக்குப் பக்கம் வேறு போகிறதாம். கல்லூரி விளம்பரம் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஞாயிறு இதழில் அரைப் பக்கம், வண்ணத்தில், மாணவர் சேர்க்கை. பார்த்தேன்.

விசாரணைக்குழு: பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர், அழைப்பாளராக து.த. தானே. தன்னைத் தானே விசாரிக்க அவருக்குத் தன் அறையிலிருந்து நாற்பதடி நடை.

மின்வெட்டு. மனைவி விசிறியோடு. எந்தப் பிள்ளை, என்ன ஆயிற்று என்று முழுக்கக் கேட்டாள். கடைசியில், ஏன் அந்தப் பிள்ளை ஓடவில்லை என்றாள். எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

ஜெயந்தி வந்தாள், அப்பாவோடு. வீட்டுக்குள் வர மாட்டேன் என்றார் அவர், வாசலிலேயே. பேரை எடுத்துவிடச் சொன்னாள். அவளுக்கும் வழிகாட்டி து.த. தான். ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு வேறு.

பேரை எடுத்துவிட்டு விஷயத்தைப் போடலாமா?

பேர் இல்லாவிட்டாலும் அந்தக் கூடத்தில் இருந்தது நாங்கள் ரெண்டு பேர்தானே என்றாள். சரியான கேள்வி. பத்திரிகைக்காரனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போகும்போது: "அவகிட்ட நீங்க சொல்லிருங்க அண்ணாச்சி. எனக்கு அவ முன்னால போய் நிக்க முடியல."

நான் எத்தனை பேருக்காக யார் முன்னால் போய் நிற்பது. சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

விசாரணை. கல்லூரி வாசல் வேப்பமரத்தடி. உள்ளே அனுமதி இல்லை. காவலாளியோடு காலை முழுக்க. அவர் பையன் பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று ஆலோசனை கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். வெடிக்காதே.

ஜெயந்தி போனாள், சீக்கிரம் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு மறு பக்கமாக நடந்தாள்.

பிறகு கருப்பசாமி. அவரைக் கூப்பிட்டிருப்பது எனக்குத் தெரியாது. வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, வாட்ச். ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "டின்னு விசயத்தைச் சொல்லிருதேன் அண்ணாச்சி. மனப்பாடமா வச்சிருக்கேன்." மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. மண்ணெண்ணெய் என்றார், தனக்குத்தானே.

அவர் உள்ளே இருந்த நேரம் நான் நினைத்த அளவு நீளமில்லை.

வெளியே வந்தபோது துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். சொன்னீர்களா என்றேன். நின்றார். "அவிய நல்ல மனுசங்க அண்ணாச்சி." அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். டவுன் பஸ் ஒன்று அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கல்லூரியிலிருந்து பத்திரிகைக் குறிப்பு. ஆள் கொண்டுவந்து கொடுத்தார், இனிப்புப் பொட்டலத்தோடு. நல்ல தரம் கிடைத்துவிட்டதாம், அதற்கு. இரண்டும் ஒரே கையில்.

குறிப்பின் சாரம்: விபத்துக்கு மாணவியின் கவனக்குறைவே காரணம். தீப்பெட்டித் தொழில் சூழலில் வளர்ந்ததால் ஏற்பட்ட பழக்கத்தின்படி ஈரச் சாக்கைப் பயன்படுத்தியுள்ளார். இதை மாணவியின் தந்தையே குழுவின் முன் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டார். சிகிச்சைக்கு நிர்வாகம் பிரார்த்திக்கிறது.

பரிந்துரை: ஆராய்ச்சிக்கூடங்களில் மண்பானை, சாக்கு வைக்கத் தடை.

டின் இல்லை. திரை இல்லை. ஷவர் இல்லை. இடது கண்ணைக் காப்பாற்றிய பானைக்குத் தடை.

டெஸ்க் தம்பி அவனாகவே போன் செய்தான். "அப்பாவே ஒத்துக்கிட்டாராமே அண்ணாச்சி. இனி நம்ம ஸ்டோரி எப்படி நிக்கும்?" நிற்காது. எனக்கே தெரிகிறது. பேர் சொன்ன சாட்சி பின்வாங்கியாயிற்று. பாதிக்கப்பட்டவளின் அப்பா எதிர்ப்பக்கம். இத்தனை வருடத்தில் இவ்வளவு நிஜமான செய்தி இவ்வளவு ஆதாரமில்லாமல் என் கையில் இருந்ததில்லை.

குறிப்பு அப்படியே நாளை வருகிறதாம், மூன்றாம் பக்கம். தலைப்பு டெஸ்க் வைத்தது: 'பழக்க தோஷத்தால் பறிபோன பார்வை'. நன்றாக அமைந்திருக்கிறது என்று அவனுக்கு நினைப்பு.

இனிப்பைத் தெரு நாய்க்குப் போட்டேன். தின்றது.

மார்ச் 19, புதன்

தூசிக் காற்று. கண் எரிச்சல். எனக்கு இரண்டும் எரிகிறது, அதையும் எழுத வெட்கமாக இருக்கிறது.

முத்துமாரியின் பதிவு ரத்து. பல்கலைக்கழக உத்தரவு கல்லூரிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தரச் சான்று வாழ்த்துப் போஸ்டர்.

கருப்பசாமியைத் தேடி ஆபீஸுக்கு. லீவு. வீட்டுக்கு. பூட்டு. பக்கத்து வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மாள்: "காலைல வெளிய போறாரு, ராத்திரி வாராரு. எங்கன போறாருன்னு யாருக்குத் தெரியும்? அந்த மனுசன் தன் வாயாலயே பிள்ளை படிப்பைக் கெடுத்துட்டாரு." கை நிற்காமல் ஒட்டிக்கொண்டே சொன்னார்.

கருப்பசாமிக்குத் தெரியுமா, ஒப்புக்கொண்டால் பதிவு போய்விடும் என்று? தெரியும். முத்துமாரியின் அம்மா முதல் நாளே சொன்னார். என்னிடம் சொன்னதை வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பார்.

அப்புறம் ஏன்.

மிரட்டினார்களா? மிரட்டப்பட்டவன் நடை வேறு. எனக்கு அது தெரியும். ஏதாவது கொடுத்தார்களா? அந்த ஆள் வாங்கமாட்டார். மறந்துவிட்டாரா? மனப்பாடமாக இருந்தது.

மார்ச் 22, சனி

நெல்லை. ரயில் தாமதம். வெயிலில் பிளாட்பாரத் தகரம் படபடவென்று.

கட்டு பாதி அவிழ்த்திருக்கிறார்கள். இடது கண் திறந்திருந்தது, சிவப்பாக, நீர் வடிய. தூரத்தில் இருப்பது புகைமாதிரி, கிட்டத்தில் இருப்பது தெரிகிறது என்றாள். என்னை ஆள் பார்த்துவிட்டு, குரலை வச்சு உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன் அண்ணாச்சி என்றாள். அம்மா சிரித்தார்.

ரத்து ஆனதைச் சொல்லத்தான் போனேன். கல்லூரிக் குறிப்பைக் கேட்ட அன்றே அவள் அதை ஊகித்திருந்தாள். எங்கள் பத்திரிகையை ஆஸ்பத்திரியில் எல்லாக் கட்டிலிலும் படிக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாள் வாசித்துக் காட்டியிருக்கிறார், தலைப்போடு.

ஜெயந்தி பற்றிச் சொன்னேன். பாவம் என்றாள். அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

டெஸ்க்கைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள் வாசல் பக்கம் பார்த்தாள். கருப்பசாமி. அதே சட்டை, கசங்கி. ஒரு பையில் மாதுளை. எத்தனை நாளாக ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தாரோ. அம்மா எழுந்து வெளியே போய்விட்டார், அவர் முகத்தைப் பார்க்காமல். நானும் எழுந்தேன். நீங்க இருங்க என்றாள் முத்துமாரி.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஸ்டூல் காலியாக இருந்தது. உட்காரவில்லை. மாதுளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே.

முத்துமாரி அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பரீட்சையில் கேள்வி கேட்பதுபோல ஒவ்வொன்றாக.

"ஐயா, நாளைக்கு ஆபீஸ்ல தீப் பிடிச்சா என்ன போடுவீங்க?"

"சாக்கு."

"நான் போட்டது தப்பா?"

"இல்ல தாயி."

"டின்னு விசயம் உங்களுக்கு மறந்துட்டா?"

"மறக்கல. இப்பமும் சொல்லுவேன்."

"பெறகு எதுக்கு அங்கன போயித் தப்புன்னு சொன்னீங்க?"

ஃபேன் சத்தம். பக்கத்துக் கட்டில் அம்மாள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

கருப்பசாமி என்னைப் பார்த்தார், உதவிக்கு. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாற்காலி போட்டுட்டாவ தாயி. அவியளுக்கு எதுத்தாப்ல, அவிய உக்காந்திருக்க மாதிரியே நாற்காலி. வாங்க கருப்பசாமி சார், உக்காருங்கன்னாவ. உன்னைச் சேக்க வந்தன்னைக்கு வெளிய நிக்கச் சொன்ன ரூமு அது. காப்பி வேற குடுத்தாவ, பீங்கான் கப்புல. குடிச்ச பெறகு, உங்க வீட்டுப் பழக்கம்தான சார்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாவ. உக்காந்துக்கிட்டு எப்படித் தாயி இல்லைன்னு சொல்ல?"

பிறகு கேட்டாள்:

"மெத்தை வச்ச நாற்காலியா?"

"ஆமா."